கால்களால் எண்ணுதல்: சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு பற்றி ஒரு விவாதக் குறிப்பு

புகலிடத்துச் சனிக்கிழமைப் பள்ளிகள் பற்றி எமது சஞ்சிகைகளில் எழுதப்பட்டவை அநேகமாக மொழி பற்றியவை. பிள்ளை தமிழ் பேசுமா, எந்தத் தமிழைப் பேசும், யார் அச்சடித்த புத்தகத்தை வைத்துப் படிக்கும் என்பவற்றைச் சுற்றியே விவாதங்கள் நடந்து வந்திருக்கின்றன. அவை அவசியமானவைதான். ஆனால் இப்பள்ளிகளை உள்ளிருந்து அறிந்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். பெற்றோரில் கணிசமானோர் பிள்ளையைக் கூட்டிவருவது தமிழுக்காக மட்டுமல்ல, கணக்குக்காகவும்தான். காலையில் தமிழ், பின் ஒரு மணித்தியாலம் கணக்கு என்ற ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. கணக்கு எங்கும் ஒன்றுதானே, அதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் போலும்.

ஸ்ட்ரெதமில் நான் படிப்பிக்கும் வகுப்பும் இத்தகையதே. ஒரு தேவாலயத்தின் பின்மண்டபம், மணித்தியாலக் கணக்கில் வாடகை, ஐந்து முதல் ஒன்பது வயதுவரை இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் இப்பக்கம் வந்து அறையெடுத்து இருந்தவர்கள் பலர், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மிச்சம், குரொய்டன், சட்டன் என்று தெற்கே நகர்ந்துவிட்டார்கள். இப்போது எம்மிடம் வருபவர்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் உண்டு, 2009க்குப் பின்னர் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு.

எமது கணக்கு மணித்தியாலத்தின் முதல் இருபது நிமிடமும் பிள்ளைகள் கதிரையில் இருப்பதில்லை. தரையில் நடக்கிறார்கள், தாவுகிறார்கள், வரிசையாக நின்று திரும்புகிறார்கள். இதை நிறுத்தி, அந்த நேரத்தையும் பதினொரு வயதுச் சோதனைக்கான பயிற்சித் தாள்களுக்கு ஒதுக்கவேண்டும் என்று பெற்றோரில் ஒரு பகுதியினர் கேட்டிருக்கிறார்கள். அடுத்த தவணை தொடங்குமுன் இதற்கென ஒரு கூட்டம் இருக்கிறது. "மாஸ்டர், துள்ளி விளையாடப் பார்க் இருக்குத்தானே. இஞ்ச படிக்கவெல்லோ விடுறம்" என்று ஒரு தகப்பனார் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கூட்டத்தில் எனக்குக் கிடைக்கக்கூடிய ஐந்து நிமிடத்தில் அதற்குப் பதில் சொல்லி முடிக்க இயலாது. ஆகவே இங்கு எழுதுகிறேன்.

முதலில் நாம் செய்வது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மண்டபத் தரையில் எட்டு மீற்றர் நீளத்துக்கு ஒட்டுநாடா ஒட்டுவோம். நாற்பது சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகள், பூச்சியத்திலிருந்து இருபதுவரை. ஆசிரியர்கள் எண்கோடு என்று கரும்பலகையில் கீறுவதையே தரையில் கீறியிருக்கிறோம், அவ்வளவுதான். ஐந்தில் நிற்கும் பிள்ளையிடம் மூன்றைக் கூட்டச் சொன்னால், அது மூன்று அடி முன்னே வைத்து எட்டில் நிற்கவேண்டும். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் எட்டில் நிற்பதில்லை. சிலர் தாம் நிற்கும் ஐந்தையே 'ஒன்று' என்று எண்ணி, ஆறை 'இரண்டு' என்றும் ஏழை 'மூன்று' என்றும் சொல்லி ஏழில் நின்றுவிடுவார்கள்.

கொப்பியில் இது 5+3=7 என்று எழுதப்பட்ட ஒரு பிழை. சிவப்புப் பேனையால் ஒரு கீறு கீறி, பிள்ளை கவனமில்லை என்று தாய்க்குச் சொல்லிவிட்டுப் போகலாம். தரையில் பார்த்தால் அப்பிழை எங்கே பிறக்கிறது என்பது தெரியும். பிள்ளை இடங்களை எண்ணுகிறது. எண்ணவேண்டியதோ ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு வைக்கும் அடிகளை. ஊரில் வேலி அடைத்தவர்களுக்கு இது புதிதல்ல. பத்துக் கதியால் நட்டால் இடைவெளி ஒன்பதுதான் வரும். அடிமட்டத்தால் அளக்கும்போது பூச்சியத்தில் வைக்காமல் ஒன்றில் வைத்து அளக்கும் பிள்ளை விடுவதும், திங்கள் முதல் வெள்ளிவரை எத்தனை நாள் என்று கேட்டால் பெரியவர்களும் தடுமாறுவதும் இதே சிக்கலால்தான். கால் எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதைப் பார்க்கலாம். தரைப் பயிற்சியில் எனக்கு மிகப் பெரிய பயன் இதுதான். பிள்ளைக்குக் கிடைக்கும் பயன் அதற்கு அடுத்தபடிதான் என்றுகூடச் சொல்வேன்.

இங்கே ஒரு சின்ன விதி இருக்கிறது. அடி வைக்கும்போது 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று சொல்லக்கூடாது. வந்து சேரும் எண்ணைச் சொல்லவேண்டும்: 'ஆறு, ஏழு, எட்டு'. இது அற்பமான வித்தியாசமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் எலிடா லாஸ்கி, ரொபர்ட் சீக்லர் ஆகியோர் பூச்சியத்திலிருந்து நூறுவரை எண்கள் கொண்ட பலகை விளையாட்டொன்றைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லிக்கொண்டு காயை நகர்த்திய பிள்ளைகள், ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு நகர்த்தியவர்களைவிட எண்களின் பருமனை நன்றாக விளங்கிக்கொண்டார்கள். இரு பகுதியினரும் ஆடியது ஒரே விளையாட்டு. எதைச் சொல்லிக்கொண்டு ஆடினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கழித்தலுக்கு வருவோம். கழித்தல் என்றால் எடுத்தல் என்றே நாம் எல்லோரும் படித்தோம். பதினான்கு மாங்காயில் ஒன்பதை எடுத்தால் மீதி எத்தனை? ஆனால் கழித்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு, தூரம். ஒரு பிள்ளையைப் பதினான்கிலும் இன்னொரு பிள்ளையை ஒன்பதிலும் நிறுத்தி, உங்கள் இருவருக்கும் இடையில் எத்தனை அடி என்று கேட்டால், பிள்ளைகள் எதையும் எடுப்பதில்லை. ஒன்பதில் நிற்பவர் பத்துக்கு ஓர் அடி, அங்கிருந்து பதினான்குக்கு நாலு அடி என்று நடந்து ஐந்து என்கிறார். 14−9, 9+5, 14−5 எல்லாம் ஒரே தரையில் ஒரே இடைவெளி என்பது கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே வெளிக்கும். பூச்சியத்துக்கு இந்தப் பக்கம் சுவர்வரை இன்னும் ஒரு மீற்றர் தரை கிடக்கிறது. மூன்றில் நின்று ஐந்தைக் கழி என்றால் எங்கே போவது? ஆறு வயதுப் பிள்ளையும் நாடாவை விட்டு வெளியே இரண்டு அடி வைத்து நிற்கும். மறை எண்ணை நான் படிப்பிக்கவில்லை, பிள்ளை அதில் போய் நிற்கிறது. லண்டன் குளிர்காலம் மிச்சத்தை விளங்கப்படுத்திவிடும்.

ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதே எட்டு மீற்றரை நூறுவரை நீட்டுகிறோம். எண்பது சென்ரிமீற்றருக்கு ஒரு பத்து. இப்போது ஒரு தாவல் என்றால் பத்து. 37உடன் 25ஐக் கூட்ட வேண்டுமானால் முப்பத்தேழு எங்கிருக்கும் என்று கண்ணால் மட்டிட்டு நின்று, இரண்டு தாவலில் ஐம்பத்தேழுக்கு வந்து, மூன்று சிற்றடியில் அறுபதைத் தொட்டு, இன்னும் இரண்டு வைத்து அறுபத்திரண்டில் நிற்பார்கள்.

எமது மொழி இந்த இடத்தில் துணைக்கு வருகிறது. ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் தனிச் சொற்கள். அவற்றுக்குள் பத்து இருப்பது பிள்ளைக்குக் கேட்பதில்லை. தேர்ட்டீன், தேர்ட்டி என்ற இரண்டும் ஓசையில் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் குழம்பாத பிள்ளை குறைவு. தமிழில் பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும், முப்பது என்றால் மூன்று பத்து. சொல்லிலேயே வழிகாட்டி இருக்கிறது. பதின்மூன்றுக்கு ஒரு தாவலும் மூன்று அடியும், முப்பதுக்கு மூன்று தாவல். ஆங்கிலத்தில் குழம்பும் பிள்ளையைத் தமிழில் தாவச் சொல்லுங்கள், பார்க்கலாம். தமிழ் வகுப்பும் கணக்கு வகுப்பும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டக்கூடிய நல்ல உதாரணம் இது.

தமிழும் எல்லா இடத்திலும் ஒழுங்கானதல்ல. ஒன்பதில் வழி மாறுகிறது. எட்டு, எண்பது, எண்ணூறு என்று போய்க்கொண்டிருந்த ஒழுங்கு ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று ஒரு படி மேலே தாவிவிடுகிறது. ஒன்பதுக்குள் 'பது' கேட்கிறது, தொண்ணூறுக்குள் நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் கேட்கிறது. ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு சொல் பழந்தமிழில் இருந்தது, அதன் சாயல்தான் இப்போது மிஞ்சியிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லாராய்ச்சி தேவையில்லை. எண்பதிலிருந்து தாவிய ஒரு பெண்பிள்ளை 'ஒன்பது பத்து' என்றாள். தர்க்கப்படி அவள் சொன்னதே சரி. தொண்ணூறு என்று திருத்தியதும், "அப்ப நூறு வந்திட்டுதா?" என்றாள். இல்லை, நூறுக்கு இன்னும் ஒரு தாவல் இருக்கிறது என்று தரையில் காட்டினேன். நூறின் வாசலில் நிற்பது தொண்ணூறு, பத்தின் வாசலில் நிற்பது ஒன்பது, ஆயிரத்தின் வாசலில் நிற்பது தொள்ளாயிரம் என்று இப்போது பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

பெருக்கலுக்குக் கோடு போதாது, சதுரம் வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகளை மூன்று வரிசையாக, வரிசைக்கு நால்வராக நிறுத்துகிறோம். பிறகு யாரும் இடம்மாறாமல் எல்லோரும் வலப்புறம் திரும்பவேண்டும். இப்போது நான்கு வரிசை, வரிசைக்கு மூவர். மூன்று நான்கும் நான்கு மூன்றும் ஒன்று என்பதை நான் சிறுவயதில் வாய்பாடாகப் பாடி ஒப்புவித்தேன். ஏன் ஒன்று என்று யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. இப்பிள்ளைகள் அதே பன்னிரண்டு பேராக நின்று திரும்பியதால், ஏன் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. பதின்மூன்றாவது பிள்ளை வந்து சேர்ந்ததும் சிக்கல். எப்படி நின்றும் நீள்சதுரம் அமையாது, ஒரே நீட்டு வரிசையாக நின்றாலொழிய. முதன்மை எண் என்பதன் முழு விளக்கமும் இதுதான். மீதியாக நிற்கும் இடத்துக்கு இப்போது ஒரு கதிரையை வைக்கிறோம். ஒரே பிள்ளை இரண்டு தரம் மீதியாகி முகம் சுருங்கியதைப் பார்த்த பின் செய்த ஏற்பாடு அது.

ஊர் விளையாட்டுகளில் கணக்கு இருப்பதைப் பற்றி நீளமாக எழுதலாம், ஆனால் ஊர்ப்பெருமை பேசுவது என் நோக்கமல்ல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிட்டிப்புள்ளில் புள் விழுந்த இடம்வரை கிட்டியால் அளப்பார்கள். சில இடங்களில் அடித்தவர் இத்தனை கிட்டி என்று முதலில் மட்டிட்டுச் சொல்லவேண்டும், எதிர்ப்பக்கம் நம்பாவிட்டால்தான் அளப்பது. நீளத்தை மட்டிடல், அலகால் அளத்தல், அளந்ததைச் சரிபார்த்தல் என்ற மூன்றும் இதற்குள் இருக்கின்றன. மண்டபத்துக்குள் புள் அடிக்க முடியாது. ஆகவே கிளித்தட்டுக்குக் கோடு கீறுவதைப் பிள்ளைகளிடமே விட்டோம். ஒருவர் காலடியால் பதினெட்டு, இன்னொருவர் காலடியால் இருபத்திரண்டு. சண்டை வந்தது. எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு ஏன் தேவை என்று அச்சண்டைக்குப் பிறகு நான் பிரசங்கம் செய்யவேண்டி இருக்கவில்லை.

இருபது நிமிடம் முடிந்ததும் எல்லோரும் கதிரைக்குப் போகிறார்கள். இதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. தரையில் செய்த அதே கணக்கைக் கொப்பியில் கோடு கீறி, தாவலை வளைவாக வரைந்து, அதன் கீழே 37+25=62 என்று எழுதவேண்டும். கால் செய்ததைக் கை எழுதாவிட்டால் அது விளையாட்டாகவே முடிந்துபோகும். சில வாரங்களில் வளைவும் தேவைப்படாமல் போகும். அப்படிப் போகவேண்டும் என்பதே எமது எண்ணம். சைக்கிளுக்குப் பின்னால் பூட்டும் சின்னச் சில்லுகளைக் கழற்றுவது போன்றது இது.

இனி, மறுபக்கம் பற்றியும் சொல்லவேண்டும். அசைவு என்றால் நல்லது என்று பேசுவோர் இந்நாட்டில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். மூளைப் பயிற்சி என்ற பெயரில், வலக்கையால் இட முழங்காலைத் தொட்டால் மூளையின் இரு பாதிகளும் இணையும் என்று சொல்லி, பிரிட்டிஷ் ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றில் 'பிரெயின் ஜிம்' நடத்தப்பட்டது. 2008இல் நரம்பியல் விஞ்ஞானிகளின் சங்கமும் உடற்றொழிலியல் சங்கமும் 'சென்ஸ் அபௌட் சயன்ஸ்' அமைப்புடன் சேர்ந்து உள்ளூராட்சிக் கல்வி அதிகாரிகளுக்கு எழுதி, இதற்கு விஞ்ஞான அடிப்படை இல்லை என்று தெரிவிக்கவேண்டி வந்தது. பார்த்துப் படிக்கும் பிள்ளை, கேட்டுப் படிக்கும் பிள்ளை, அசைந்து படிக்கும் பிள்ளை என்று மூன்றாகப் பிரிக்கும் பழக்கமும் அப்படித்தான். ஃபிராங் கொஃபீல்டும் சகாக்களும் 2004இல் செய்த மீளாய்வில் இவ்வகைக் கோட்பாடுகள் எழுபத்தொன்றைக் கண்டெடுத்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றை நம்பி வகுப்பை அமைக்க ஆதாரம் போதாது. எனது பிள்ளை அசைந்து படிக்கும் வகை, ஆகவே உங்கள் வகுப்பு அவனுக்குப் பொருந்தும் என்று ஒரு தாய் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. தரைக்கோடு ஒரு வகைப் பிள்ளைக்கானதல்ல.

நான் சொல்லும் வேறுபாடு இதுதான். சரியான விடை சொன்னால் ஒரு சுற்று ஓடிவா என்றால், ஓட்டத்துக்கும் கணக்குக்கும் தொடர்பில்லை. விடையைக் கத்திக்கொண்டு கைதட்டினால் அது மனனத்துக்கு உதவலாம், ஆனால் தட்டலில் ஏழெட்டு ஐம்பத்தாறு ஏன் என்பது இல்லை. பத்தைக் கூட்டு என்பதற்குப் பத்தின் நீளத்தைத் தாவும்போது அசைவே கணக்காக இருக்கிறது. ஜேர்மனியில் உர்ஸுலா ஃபிஷர், கோர்பினியன் மொய்லர் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், பாலர் வகுப்புப் பிள்ளைகள் மின்னணுப் பாயொன்றில் இடம் வலமாக அடிவைத்து எண்களை ஒப்பிட்டார்கள். அதே ஒப்பீட்டைக் கணினித் திரையில் மட்டும் செய்தபோது கிடைத்ததைவிட, எண்கோட்டில் எண்ணின் இடத்தைச் சொல்லும் திறன் பாயில் செய்த பயிற்சிக்குப் பின் கூடியிருந்தது. பெரிய அளவில் நடந்தது நெதர்லாந்து ஆய்வு. பன்னிரண்டு பாடசாலைகள், 499 பிள்ளைகள், இரண்டு வருடம். வாரம் மூன்று தடவை உடல் அசைவோடு கணக்கும் மொழியும் படித்த பிள்ளைகள் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் மற்றவர்களை ஏறத்தாழ நான்கு மாதப் படிப்பால் முந்தியிருந்தார்கள் என்று 2016இல் வெளியிட்டார்கள். வாசிப்பில் எந்த வித்தியாசமும் இல்லை.

அதே 2016இல் டென்மார்க்கிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு எம்மை நிதானிக்க வைக்கவேண்டியது. ஏழு வயதையொட்டிய 165 பிள்ளைகள், ஆறு வாரம். முழு உடம்பையும் அசைத்துக் கணக்குச் செய்தவர்களில் சாதாரணமாகக் கணக்கு வரும் பிள்ளைகள் முன்னேறினார்கள், ஏற்கனவே பின்தங்கியிருந்த பிள்ளைகளிடம் அந்தப் பயன் தென்படவில்லை. 'கணக்கு வராததுகளைத் துள்ள விடுங்கோ, மற்றதுகளுக்குத் தாளைக் குடுங்கோ' என்று ஒரு சமரச யோசனை எம்மிடையே சொல்லப்பட்டது. அந்த யோசனையை இந்த ஆய்வு ஏறக்குறைய தலைகீழாக்கிவிடுகிறது. பின்தங்கும் பிள்ளைக்குத் தேவை ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்று காலைப் பார்ப்பது. கூட்டத்தோடு கூட்டமாகத் தாவினால் அது முன்னே போகும் பிள்ளையைப் பார்த்துத் தாவிவிடும்.

இன்னொரு குறையும் உண்டு. கொப்பியில் விட்ட பிழையை ஆசிரியர் மட்டும்தான் பார்ப்பார், தரையில் விட்ட பிழையை மண்டபமே பார்க்கிறது. கூச்சமுள்ள பிள்ளைக்கு இது சின்ன விடயமல்ல. இதனால் இப்போது மூன்று கோடு ஒட்டுகிறோம். ஒவ்வொன்றிலும் சிறு குழு, ஒருவர் நடக்க இன்னொருவர் துணை. நடக்க முடியாத பிள்ளைக்குச் சக்கர நாற்காலியின் முன்சில்லு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் எண்.

இவ்வளவும் சொன்ன பிறகும் எதிர்ப்பு முழுவதும் தீராது என்று எனக்குத் தெரியும். ஏனெனில் எதிர்ப்பின் வேர் ஆய்வுகளில் இல்லை. படிப்பு என்றால் இருத்தல் என்று எமக்குள் ஊறியிருக்கிறது. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் இங்கிலிஷ் படித்துக் கந்தோருக்குப் போய் மேசைக்கு முன்னால் அமர்ந்ததில் தன் உயர்வைக் கண்டது. இருந்து எழுதுபவர் ஐயா, குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவர் யார் என்பதற்குச் சாதி விடை சொன்னது. உடம்பு அசைந்தால் அறிவு குறையும் என்பது எந்த உளவியலிலும் இல்லாத, ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சமூகப் பாடம். லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் இரவு பகலாக நின்றே உழைத்தவர்கள், தங்கள் பிள்ளை இருந்து வேலை செய்யவேண்டும் என்று விரும்புவதில் எனக்கு எந்தக் கேலியும் இல்லை. கால் வீங்க நின்றவருடைய ஆசை அது. ஏழு வயதில் அசையாமல் இருத்துவதுதான் அதற்கு வழி என்று நினைப்பதை மட்டுமே நான் மறுக்கிறேன்.

'எங்கட பழைய முறைதான் சரி' என்று சொல்பவர்களும் எந்தப் பழைய முறை என்று சொல்லவேண்டும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதைச் செந்தில் பாபு 2022இல் வெளிவந்த தன் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அங்கு மனனம் முக்கியம், ஆனால் அது ஊமையாக இருந்து செய்த மனனம் அல்ல. உரக்கச் சொல்லி, மணலில் விரலால் எழுதி, சட்டாம்பிள்ளை முன்சொல்ல மற்றவர்கள் பின்சொல்லிச் செய்தது. சென்னை எழும்பூரில் 1789 முதல் அநாதைப் படைச் சிறுவர்களின் பள்ளியை நடத்திய அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் பள்ளிக்கு எடுத்தார், மூத்த மாணவர் இளையவருக்குப் படிப்பிக்கும் ஒழுங்கையும் அங்கு நிலைநாட்டி 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். சவுத்வார்க்கில் 1798இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் மணலைப் பயன்படுத்தினார். அவருடைய பரோ வீதிப் பள்ளி எங்கள் மண்டபத்திலிருந்து வடக்கே சில மைல், ஒரு பஸ் பயணத் தூரம். அவர்களுக்கிடையே யார் முதல் என்று பெரிய வழக்கே நடந்தது, அது வேறு கதை. வசதியான வாங்கும் கொப்பியும் வந்த பிறகுதான் உடம்பு வகுப்பை விட்டு வெளியேறியது.

மரியா மொண்டிசோரி அடையாறுக்கு 1939இல் வந்தார். அடுத்த வருடம் இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டவராகி, 1946வரை திரும்ப முடியாமல் இந்தியாவில் தங்கிப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். 1944இல் இலங்கைக்கும் வந்து போனார். ஆயிரம் மணிகள் கோத்த சங்கிலியைத் தரையில் நீட்டி, பிள்ளை அதன் நீளத்துக்கு நகர்ந்து நகர்ந்து நூறுகளுக்கு அட்டை வைப்பது அவருடைய முறை. எங்கள் ஊரில் பாலர் பள்ளிக்கு 'மொண்டிசூரி' என்ற பெயர் நிலைத்தது, சங்கிலி நிலைக்கவில்லை. இலங்கையில் 1999இல் நாடு முழுவதும் அமுலுக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் வழிப்படுத்திய விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றையும் பாடத்திட்டத்திலேயே வைத்தது. ஆகவே இதை வெள்ளைக்காரன் பிள்ளைகளைக் கெடுக்கும் வழி என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

சோதனைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்பதற்கு நேரே பதில் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 2022 முதல் பெருக்கல் வாய்பாட்டுச் சோதனை கட்டாயம். பன்னிரண்டாம் வாய்பாடுவரை, திரையில் இருபத்தைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு செக்கன். ஆறு செக்கனில் யாரும் எழும்பி வரிசையாக நிற்க இயலாது. வாய்பாடு நாவில் நிற்கவேண்டும், அதற்கு மனனமே வழி, அதை நான் மறுக்கவில்லை. லாம்பெத்தில் கிரமர் பள்ளிகள் இல்லாததால் எம்மவர் கண் வைத்திருக்கும் சட்டன் பகுதிப் பள்ளிகளின் நுழைவுச் சோதனைக்கும் வேகம் வேண்டும். மனனத்துக்கும் வேகத்துக்கும் எங்களிடம் நாற்பது நிமிடம் இருக்கிறது. எண்ணின் பருமன் தெரியாமல் வேகம் மட்டும் பழகிய பிள்ளை 7×8ஐ மறந்தால் நின்றுவிடும். தெரிந்த பிள்ளை 7×7இலிருந்து ஏழு அடி தள்ளி ஐம்பத்தாறைப் பிடித்துவிடும். நுழைவுச் சோதனைத் தாள்களில் பிள்ளைகள் தடக்குப்படும் கேள்விகளை எடுத்துப் பார்த்தேன். வேலிக் கதியால் வகைக் கேள்வி, இடைவெளிக் கேள்வி, மீதிக் கேள்வி என்று அவற்றில் பல நாங்கள் தரையில் நடந்தவையே.

கூட்டத்தில் வைக்கவிருக்கும் யோசனை இது. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருபது நிமிடம் அப்படியே இருக்கட்டும். அதற்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பகுதி தொடங்கும் வாரங்களில் மட்டும் தரை, மற்ற வாரங்களில் தாள். தவணை தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே பத்துக் கேள்வியை எல்லோருக்கும் கொடுத்து, விடைகளைப் பெற்றோர் முன் வைப்போம். முன்னேற்றம் இல்லாவிட்டால் மறுபடி பேசலாம். வாக்கெடுப்புக்கு முன் ஒரு பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன், நாடாவை ஒட்ட. ஒருவரைப் பதினான்கிலும் ஒருவரை ஒன்பதிலும் நிற்கச் சொல்லப்போகிறேன். பார்க் இருக்குத்தானே என்று கேட்ட தகப்பனார் ஒன்பதில் நிற்கச் சம்மதித்திருக்கிறார்.